அடைப்பைப் பாருங்க

கேளுங்க, அதுல என்ன தப்பு? ஐப்பசியில கல்யாணத்த வச்சுக்கிட்டு ஓப்பன் கார் பாக்க வந்தவரு, கூரை ஒழுகுமான்னு கேக்காமப் போனாத்தான் தப்பு. உக்காருங்க. இந்த மழை விடாம நீங்க பஸ் ஸ்டாண்டு போய்ச் சேர முடியாது. உங்க அக்கா பையனுக்குத்தான கல்யாணம்? தாய்மாமனே நேர்ல வந்து வண்டிய தட்டிப் பாக்கறீங்க, நல்ல வழக்கமுங்க. இப்பவெல்லாம் போன்ல போட்டோ அனுப்பச் சொல்லிப் பாத்துட்டு முடிச்சுக்கறாங்க. டீ வரச் சொல்லியிருக்கேன்.

ஒழுகாதுங்க. இப்ப ஒழுகாது. ஆனா ஒண்ணேகால் வருஷத்துக்கு மேல ஒழுகுச்சு. எனக்கு மறைக்கத் தெரியாது. நாச்சிமுத்து எதையும் மறைச்சுப் பேச மாட்டான்னு பொள்ளாச்சியில யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.

குன்னூர்ல ஒரு எஸ்டேட்காரர் ஊட்டுல இருந்து கொண்டாந்த வண்டிங்க இது. மேல துணிக்கூரை. மாப்பிள்ளை அழைப்புன்னா கூரைய மடிச்சுப் பின்னால தள்ளிருவோம். பின் சீட்டுக்குப் பின்னால ஒரு பள்ளம் இருக்குது பாருங்க, அதுக்குள்ள போய் மடிஞ்சு உக்காந்துக்கும். மழை வந்தா இழுத்து முன் கண்ணாடியில மாட்டிக்கறது. இருவத்திரண்டு வருஷம். எத்தனையோ மாப்பிள்ளைங்க, எத்தனையோ மழை. ஒரு சொட்டு உள்ள வந்ததில்ல.

எப்ப ஒழுக ஆரம்பிச்சுதுன்னா, என்ற ஊட்டுக்காரி வால்பாறைக்குப் போனா பாருங்க, அதுக்கு அடுத்த மாசம். மயிலாத்தான்னு பேரு. அவ போனா, வண்டி ஒழுகுச்சு. நானும் யார்கிட்டயும் சொல்லல, மனசுக்குள்ள நெனச்சுக்கிட்டேன், இவ என்னமோ வயித்தெரிச்சல்ல போயிருக்கான்னு.

சண்டை கிண்டை எதுவும் இல்லீங்க. நீங்க அப்படி நெனச்சுக்காதீங்க. முப்பத்தோரு வருஷத்துல எங்களுக்குள்ள ஒரு வார்த்தை தடிச்சதில்ல. அவ எதிர்த்தே பேச மாட்டா. ஏதாவது சொல்ல வாயெடுத்தாலும், "சரி சரி, விடு"ன்னு நான் ஒருக்கா சொன்னாப் போதும், அதோட நிப்பாட்டிக்குவா. அப்படி ஒரு குணம். எத்தனை ஊட்டுல இருக்குது சொல்லுங்க.

எங்களுக்கு ஒரே புள்ளை, வினோதினி. மாப்பிள்ளை வால்பாறையில டீ பேக்டரியில இருக்கறாரு. பிரசவம் இங்கதான். குழந்தைக்கு மூணாம் மாசம் கொண்டுபோய் விடறதுக்குத் தாய்க்காரி போனா. ஒரு வாரம்னு போனவ. எங்க அம்மிணி, வினோதினி, வேலைக்குப் போறா, குழந்தைய யாரு பாக்கறதுன்னு ஒரு மாசம் ஆச்சு. அப்புறம் அங்க குளிர், குழந்தைக்குச் சளின்னு ரெண்டு மாசம். அப்புறம் நானும் கேக்கறத விட்டுட்டேன், அவளும் சொல்றத விட்டுட்டா. வர்ற தையோட ரெண்டு வருஷமுங்க.

இங்க வண்டி வேலைக்கு ஒண்ணும் கொறையில்ல, அத நான் பாத்துக்கிட்டேன். அவ என்ன செஞ்சுட்டிருந்தா? பூ ஜோடிப்பா. கல்யாணம் முடிஞ்சு வந்தா பூவெல்லாம் புடுங்கிப் போட்டுக் கழுவி விடுவா. முக்கா நாள் அதையே செஞ்சுட்டு இருப்பா. ஒரு வண்டிய கழுவ முக்கா நாளான்னு நான் சிரிப்பேன். அந்த வேலையெல்லாம் ஆளு வச்சா அரை மணி நேரம். வச்சேன். முடிஞ்சுது.

ஆனா ஒழுகுச்சு.

மொதல்ல மாசியில பேஞ்ச ஒரு மழையில பின் சீட்டுக்கு அடியில மிதியடி ஈரமா இருந்துச்சு. ரெண்டாவது மழைக்குப் பின் சீட்டு நனைஞ்சு போச்சு. நான் என்ன பண்ணுனேன், கூரைத் தையல்ல கசியுதுன்னு, குடை ரிப்பேர் பண்றவரு ஒருத்தரு காந்தி சிலை கிட்ட உக்காருவாரு, அவரைக் கூட்டிட்டு வந்து தையல் பூரா மறுக்கா ஓட்டச் சொன்னேன். தச்ச எடத்துல மெழுகுவத்திய உருக்கித் தேச்சேன். கண்ணாடியில வந்து ஒட்டற ரப்பர் காஞ்சு போச்சுன்னு தேங்காய் எண்ணெய் போட்டு நீவி விட்டேன். அது ஊறி, மொத்தமா ஊதி, அப்புறம் ஒட்டவே இல்ல. அதக் கிழிச்சுட்டு பழைய டியூப்ப வெட்டி ஒட்டுனேன். இதுக்கெல்லாம் பொறுமை வேணுமுங்க. எனக்கு உண்டு.

அப்பவும் ஒழுகுச்சு. சரி, எங்க இருந்து வருதுன்னு கண்டுபுடிக்கோணும். உள்பக்கம் கூரை ஓரம் பூரா திருநீற தூவி வச்சேன். தண்ணி வந்தாக் கோடு விழுகும்ல? கூலி ஆளை மேல நின்னு ஓஸ்ல தண்ணி அடிக்கச் சொல்லிட்டு, நான் கதவ சாத்திக்கிட்டு உள்ள டார்ச்சோட உக்காந்தேன். கா மணி நேரம். திருநீறுல ஒரு கோடு விழுகல. ஆனா என்ற பாதம் நனைஞ்சு கெடக்குது. எப்படி இருக்குது பாருங்க! எனக்கு ஒரு மாதிரி பயமே வந்துருச்சு.

அந்தக் கார்த்திகையில கிணத்துக்கடவு பக்கம் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. பாதி வழியில மழை புடிச்சுக்கிச்சு. கூரைய மாட்டிட்டேன். மண்டபத்துல எறங்குனா மாப்பிள்ளையோட பட்டு வேட்டி முழங்கால் வரைக்கும் சொதசொதன்னு. பொண்ணு ஊட்டுக்காரங்க, "என்னங்க, மாப்பிள்ளை நாத்து நட்டுட்டு வர்றாரா?"ன்னு கேலி பண்றாங்க. மாப்பிள்ளையோட தங்கச்சி ஒரு புள்ளை, சின்னப் புள்ளைதான், "தலையில ஒரு சொட்டு ஈரமில்ல, கால் மட்டும் எப்படி நனைஞ்சுது?"ன்னு கேக்குது. வளந்தவங்க பேசறப்ப குறுக்க பேசாத அம்மிணின்னு சொல்லிட்டேன். அதோட பேரு கெட்டுப் போச்சு. ஒழுகற காருன்னு ஆயிருச்சு. மழை மாசத்துல ஒருத்தரும் கேக்கறதில்ல.

மயிலாத்தா வாரத்துக்கு ஒருக்கா போன் பண்ணுவா. குழந்தை பல்லு மொளைச்சது, நடந்தது, அதெல்லாம் சொல்லுவா. கடைசியா ஒரு கேள்வி கேப்பா. "வண்டி ஒழுகறது நின்னுருச்சுங்களா?"

இன்னும் இல்லம்பேன்.

"அந்தப் பின் பள்ளத்துல..."ன்னு ஆரம்பிப்பா. சரி சரி, விடு, வண்டி சமாச்சாரம் நான் பாத்துக்கறேன், நீ குழந்தையப் பாருன்னு வச்சுருவேன். அவளுக்கு எதுக்கு அந்தக் கவலை?

ஆனா அந்தக் கேள்வி எனக்குள்ள உக்காந்துக்கிச்சுங்க. மறுக்கா மறுக்கா இதையே கேக்கறாளேன்னு யோசிச்சேன். யோசிச்சப்பத்தான் வெளிச்சமாச்சு. வண்டி சரியாகட்டும்னுதான் அவ காத்துட்டிருக்கறா! ஒழுகற வண்டிக்காரன் பொண்டாட்டின்னு இந்தத் தெருவுல பேச்சு வாங்க எவளுக்குப் புடிக்கும்? மானஸ்தி. ஒழுகறது நின்னாத் திரும்பி வந்துருவா. அந்த வண்டியிலயே போய்க் கூட்டிட்டு வரோணும்னு முடிவு பண்ணிட்டேன். எனக்கு அவ வேணுமுங்க. சோறு ஆக்கிப் போட மட்டுமில்ல. ஊடு சத்தமே இல்லாமக் கெடக்குது. அவ இருந்தப்பவும் பேச மாட்டா, ஆனா அந்த அமைதி வேற, இது வேற.

உக்கடத்துல சுல்தான் பாய்னு ஒரு பழைய மெக்கானிக். இந்த மாதிரி துணிக்கூரை வண்டிங்க அவருக்கு அத்துப்படி. இப்ப கண்ணு தெரியல, ஊட்டோட இருக்கறாரு. நம்பர் புடிச்சுப் போன் போட்டேன். நான் எல்லாத்தையும் சொல்லி முடிக்கற வரைக்கும் பொறுமையாக் கேட்டாரு. கேட்டுட்டு ஒரே வார்த்தைதான் சொன்னாரு.

"கூரை மடிஞ்சு உக்கார்ற பள்ளம் இருக்குதில்ல, அதுல ரெண்டு மூலையிலயும் ஒவ்வொரு ஓட்டை இருக்கும் நாச்சிமுத்து அண்ணே. அதுல அடைப்பைப் பாருங்க. எல்லாம் சரியாப் போயிரும்."

அதுக்கு மேல எதுக்குங்க கேள்வி? போன வச்சுட்டு ஓடுனேன். பாத்தா, மெய்யாலுமே ஓட்டை! சுண்டுவிரல் போற அளவுக்கு. இத்தனை வருஷம் ஓட்டுறேன், எனக்குத் தெரியல. உள்ள விரல விட்டா என்னமோ கருப்பா, கொழகொழன்னு, நாத்தமா வருது. கம்பெனியில வச்ச கார்க்கு மூடி மக்கிப் போயிருக்குதுன்னு புரிஞ்சுது. அப்புறம் ஒழுகாம என்ன பண்ணும்? அத நோண்டி எடுத்தேன். பாய் அடைப்பப் பாருன்னாரு. அடைச்சேன். ரப்பர் கார்க்கு ரெண்டு வெட்டி அடிச்சு, அதுக்கு மேல சிலிக்கான் பசை, அதுக்கு மேல தார். இனி அதுல ஈ போகாது.

ஓஸ்ல தண்ணி அடிச்சுப் பாத்தேன். அதுக்கு முந்தியெல்லாம் பின் டயர் கிட்ட தரையில கொஞ்சமாவது சொட்டிட்டு இருக்கும். இப்ப ஒரு சொட்டு விழுகல! கீழ படுத்துப் பாத்தேனுங்க. காஞ்சு கெடக்குது. எனக்கு வந்த சந்தோஷத்துல கூலி ஆளைக் கட்டிப் புடிச்சுட்டேன். உள்ள ஏறி உக்காந்து பாக்கோணும்னு தோணல. எதுக்குப் பாக்கோணும்? அதான் அடைச்சாச்சே.

நீங்க சிரிக்கறீங்க. சிரிங்க. பாய் தெளிவாச் சொல்லியிருக்கோணும். அடைப்ப எடுன்னு சொல்லியிருந்தா நான் எடுத்திருப்பேன். அடைப்பப் பாருன்னு சொன்னா மனுசன் என்ன செய்வான்?

போன ஆனி மாசம், ஒரு வெள்ளிக்கிழமை. காலையில எந்திரிச்சு நானே வண்டிய ஜோடிச்சேன். ஆமாங்க, பூ வச்சு. சம்பங்கி, செவ்வந்தி, முன்னால ரெண்டு பக்கமும் வாழையிலைக் குருத்து. பொண்டாட்டிய கூட்டியார எதுக்குடா கல்யாண ஜோடனைன்னு நீங்க நெனைக்கலாம். அவ கையால எத்தனையோ பேருக்கு ஜோடிச்ச வண்டி, அவளுக்கு ஒருத்தரும் ஜோடிச்சதில்லைன்னு அன்னைக்குத் தோணுச்சு. எங்க கல்யாணம் மாட்டு வண்டிக் காலமில்ல, ஆனா வாடகைக் காருக்கும் வழியில்ல. நடந்துதான் கோயிலுக்குப் போனோம்.

ஆழியாறு வரைக்கும் வெய்யிலு. கூரைய மாட்டித்தான் வச்சிருந்தேன். மேல நாப்பது கொண்டை ஊசி வளைவு, உங்களுக்குத் தெரியுமே. ஒம்பதாவது வளைவுல மழை புடிச்சுது. ஆனி மழை அங்க எப்படிப் பேயுமுன்னு சொல்ல வேண்டியதில்ல. எனக்குள்ள ஒரு தெம்பு. பேயட்டும், நல்லாப் பேயட்டும், அவ கண்ணால பாக்கட்டும்னு. பதினஞ்சாவது வளைவுல பின்னால சலசலன்னு ஒரு சத்தம். வெளிய ஓடையில தண்ணி போகுதுன்னு நெனச்சேன். இருவதாவது வளைவுல, வண்டிய ஒடிச்சுத் திருப்புறேன், பின்னால இருந்து தண்ணி மொத்தமா இந்தப் பக்கம் வந்து என்ற காலு மேல ஏறுது. அடுத்த வளைவுல அந்தப் பக்கம். அட்டகட்டி தாண்டறப்ப பெடலெல்லாம் முங்கிருச்சு. நிறுத்தவும் எடமில்ல. வாளி வாளியா வெளிய ஊத்தலாம்னா வாளி இல்ல. திட்டிட்டே ஓட்டுனேன். யாரைத் திட்டுனேன்னு தெரியல. பாய, குடைக்காரர, குன்னூர்க்காரர, எல்லாரையும்.

மாப்பிள்ளையோட பேக்டரி குவார்ட்டர்ஸ் வாசல்ல போய் நிறுத்துனப்ப, லைன் ஊடுகள்ல இருந்து பொம்பளைங்கெல்லாம் எட்டிப் பாக்கறாங்க. யாருக்குக் கல்யாணம்னு கேக்கறாங்க. மயிலாத்தா குடையப் புடிச்சுட்டு, குழந்தைய இடுப்புல வச்சுட்டு வந்தா. கொஞ்சம் இளைச்சிருந்தா. ஆனா மொகம் நல்லா இருந்துச்சு, அதச் சொல்லோணும். கதவத் தொறந்தேன். உள்ள இருந்து தண்ணி மடை தொறந்த மாதிரி அவ காலு மேல ஊத்துது, பூவெல்லாம் மெதந்துட்டு. குழந்தை கைதட்டிச் சிரிக்குது.

அவ சிரிக்கல. "உள்ள வாங்க, தலைய தொவட்டுங்க"ன்னா. சுடுதண்ணி வச்சுக் குடுத்தா. மாப்பிள்ளையோட வேட்டி ஒண்ணு எடுத்துக் குடுத்தா. அம்மிணி வேலைக்குப் போயிருந்தா. நான் கட்டிட்டு வெளிய வந்து பாத்தா, இவ குழந்தைய பக்கத்து ஊட்டுல குடுத்துட்டு, மழையில நின்னுட்டு, வண்டியோட பின் பள்ளத்துல கைய விட்டுத் துழாவிட்டு இருக்கறா.

"இத யாருங்க அடைச்சது?"

"நாந்தான். பாய் சொன்னாரு."

உள்ள போயி ஒரு கத்தியும் பழைய குடைக்கம்பி ஒண்ணும் கொண்டாந்தா. தார அறுத்தா, பசைய உரிச்சா, கார்க்க நெம்பி எடுத்தா. எடுத்ததுதான் தாமசம், வண்டிக்கு அடியில, பின் டயர் கிட்ட, கொட்டுது பாருங்க தண்ணி! நின்னுட்டே இருக்கேன், கொட்டிட்டே இருக்குது. அப்புறம் கம்பிய விட்டு விட்டு எடுத்தா. பூ. மக்கிப் போன பூ, நாரு, ஜரிகை. அன்னைக்கு வச்ச பூ இல்ல, எந்தக் கல்யாணத்துப் பூவோ.

"கூரையில இருந்து வழியற தண்ணி இந்தப் பள்ளத்துக்கு வந்து, இந்த ஓட்டை வழியாத்தானுங்க கீழ போகோணும். பூ போய் அடைச்சுக்கிச்சுன்னா உள்ள திரும்பும். ஒவ்வொரு கல்யாணமும் முடிஞ்சு நான் குத்தி விடுவனே."

"இருவத்திரண்டு வருஷமாவா?"

"ஆமாங்க."

"அப்ப இத ஏன் புள்ள எங்கிட்ட சொல்லல?"

கம்பிய தொடச்சுட்டே சொன்னா. "சொன்னேனுங்க. வண்டி வந்த வருஷம் சொன்னேன். அம்மிணி பத்தாவது படிக்கறப்ப ஒருக்கா சொன்னேன். இங்க வந்த பொறகும் போன்ல சொன்னேன்."

கோவமாச் சொல்லலீங்க. நேத்து என்ன கொழம்புன்னு கேட்டா எப்படிச் சொல்லுவாங்களோ, அப்படி. எனக்கு ஞாபகமில்ல. மெய்யாலுமே இல்ல. சொல்லியிருப்பா.

அப்புறம் அந்தக் கம்பிய எங்கிட்டக் குடுத்து, "நீங்க ஒருக்கா குத்துங்க பாக்கலாம்"ன்னா. குத்துனேன். "அப்படி வேகமாக் குத்தாதீங்க, உள்ள ரப்பர் குழாய் போகுது, கிழிஞ்சுரும். பைய விடுங்க, சுத்தி எடுங்க." சுத்தி எடுத்தேன். அப்புறம் பூ கட்டறப்ப பள்ளத்துக்கு மேல ஒரு பழைய சீலைய விரிச்சுக்கச் சொன்னா. ரப்பருக்கு எண்ணெய் ஆகாது, மாவு மாதிரி பவுடர் போட்டா ஒட்டாம இருக்கும்னா. நனைஞ்ச கூரைய மடிச்சு வைக்காதீங்க, வெய்யில்ல காய விட்டு மடிங்கன்னா. சீட்டு அடியில இருக்கற பஞ்ச எடுத்து மூணு நாள் காயப் போடச் சொன்னா. மழையில நனைஞ்சுட்டே ஒண்ணொண்ணாச் சொல்றா. நான் கேட்டுட்டே நிக்கறேன். இத்தனை வருஷத்துல அவ இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லீங்க. அவ்வளவு சந்தோஷம் எனக்கு. எல்லாம் கூடி வந்துருச்சுன்னு நெனச்சேன். இப்படி ஒண்ணு விடாமச் சொல்லிக் குடுக்கறாளே, எதுக்குச் சொல்லிக் குடுக்கறான்னு என்ற மண்டைக்குத் தோணல பாருங்க.

"சரி, துணிமணிய எடுத்து வை. அம்மிணி வந்ததும் சொல்லிட்டுக் கெளம்பலாம்"ன்னேன்.

அவ கத்தியக் கழுவிட்டு இருந்தா. "இனி உங்களுக்கு ஒழுகாதுங்க"ன்னா.

"ஒழுகாது. அதான் சொல்றேன், வா."

"மழை கொஞ்சம் விட்டிருக்குது. பனி எறங்கறதுக்குள்ள அட்டகட்டி தாண்டிருங்க." பூவெல்லாம் அவளே கையால எடுத்துட்டா, முன்னால கட்டுன வாழைக்குருத்து வரைக்கும். எஞ்சினுக்குக் காத்து போகாதுன்னா. என்னை உக்கார வச்சு கதவ சாத்துனா. சாத்திட்டு, ஜன்னல் கிட்டக் குனிஞ்சு, "பாத்துப் போங்க"ன்னா.

நான் வந்துட்டேன். சரி, இன்னொரு நாளைக்கு வர்றேன்னு சொல்றா போலன்னு வந்துட்டேன். கீழ எறங்கறப்ப மறுக்கா மழை. உங்ககிட்ட சத்தியம் பண்ணிச் சொல்றேன், ஒரு சொட்டு உள்ள வரல. ஊத்து ஊத்துன்னு ஊத்துது, உள்ள காஞ்சு கெடக்குது. மாப்பிள்ளையோட வேட்டியில ஒரு ஈரமில்ல.

பதினேழாவது வளைவுலதாங்க எனக்கு ஒறச்சுது. வண்டிய ஓரங்கட்டிட்டேன். நான் பொட்டிக்கடைக்குப் போனாலும், ஈரோட்டுக்குக் கல்யாணத்துக்குப் போனாலும், கோவத்துல சோத்தத் தள்ளிட்டு எந்திரிச்சுப் போனாலும், "போய்ட்டு வாங்க"ன்னுதான் அவ சொல்லுவா. முப்பத்தோரு வருஷம். நான் திரும்பிப் பாக்காமப் போயிருக்கேன், ஆனா அந்த வார்த்தை பின்னாலயே வரும். அன்னைக்கு "போங்க"ன்னு சொன்னா. வாங்கன்னு சொல்லல.

திருப்பிட்டு மேல போயிரலாம்னு பாத்தேன். அந்த வளைவுல வண்டி திருப்ப எடமில்ல. பின்னால பஸ்ஸு ஹாரன் அடிக்கறான். ஸ்டீயரிங் மேல தலைய வச்சு அழுதேனுங்க, அவன் அடிக்க அடிக்க. மழை, குளிரு, வாய் தவறிச் சொல்லியிருப்பான்னு எனக்கு நானே சொல்லிப் பாத்தேன். இப்பவும் தினம் ஒருக்கா சொல்லிப் பாக்கறேன். ஆனா வாய் தவறி ஒரு வார்த்தை சொல்ற பொம்பளை இல்லீங்க அவ.